றோட்டில் வரும் கொதி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடப் பழக்குவது என் தொழில். பத்தொன்பது வருடமாக இடப்பக்க ஆசனத்தில் இருந்து, பக்கத்தில் ஓடுகிறவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வருகிறேன். கியர் மாற்றுவது, பின்னால் எடுப்பது பற்றிய சந்தேகங்கள் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கோபம் பற்றிய கேள்விகள் லைசன்ஸ் கையில் கிடைத்த பிறகுதான் வருகின்றன. அதுவும் எங்கேயோ ஒரு சந்தியில் ஏதாவது நடந்து முடிந்த பிறகு.

கேட்பவர்கள் தாய்மார், மனைவிமார், ஹயர் ஓடும் பொடியன்கள், சில வேளை என்னிடம் பழகிப்போன ஆசிரியர்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, வாசித்தும் கண்டும் நான் அறிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

றோட்டுக் கோவம் எண்டு தனியா ஒண்டு இருக்கோ? கோவம் கோவம்தானே?

கோபம் ஒன்றுதான். ஆனால் றோட்டில் அதன் கையில் ஒரு தொன் இரும்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரோட் ரேஜ்' என்று சொல்வார்கள். 1987இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நெடுஞ்சாலைகளில் சாரதிகள் ஒருவரை ஒருவர் சுட்ட சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தபோது, அங்குள்ள ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்திகளில் பிறந்த சொல் அது.

நான் அதை மூன்று படியாகப் பிரித்துச் சொல்வேன். முதலாவது மனதுக்குள் வரும் எரிச்சல், வாய்க்குள் ஏசுவது. இரண்டாவது அந்த எரிச்சல் வாகனத்தில் தெரிவது: ஒட்டிக்கொண்டு போவது, லைட் அடிப்பது, வெட்டிப் போடுவது. மூன்றாவது இறங்குவது, துரத்துவது, அடிப்பது, வேண்டுமென்றே இடிப்பது. முதலாவது படி எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. சாவு மூன்றாவது படியில் நடக்கிறது. ஆனால் முடிவு எடுக்கப்படுவது இரண்டாவது படியில். இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டாவது படியைப் பற்றியதுதான்.

என்ர மகன் வீட்டில நிமிர்ந்து கதைக்க மாட்டான். மோட்டார் சைக்கிள்ள ஏறினா ஏன் வேற ஆள் மாதிரி?

இதைக் கேட்காத தாய் இல்லை. முக்கிய காரணம் முகம் தெரியாமை. ஹெல்மெற்றின் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் யாருடைய மகன் என்று றோட்டில் எவருக்கும் தெரியாது. அவருக்கும் எதிரே வருபவர் ஒரு மனிதராகத் தெரிவதில்லை, ஒரு வெள்ளை வானாகத்தான் தெரிகிறார். 1990களில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மேல்கூரையைத் திறந்து மூடக்கூடிய கார்களுக்கு முன்னால், பச்சை விளக்கு விழுந்த பிறகும் ஒரு வாகனத்தை வேண்டுமென்றே அசையாமல் நிறுத்தினார்கள். கூரையை மூடிக்கொண்டு இருந்தவர்கள் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் ஹோன் அடித்தார்கள். கூரை திறந்திருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

எங்கள் ஊரில் இதை விளக்க ஆய்வே தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையால் யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடிய சில கார்களைத் தவிர எல்லோரும் மிதித்தோம். சந்தியில் இரண்டு சைக்கிள் முட்டினால் இரண்டு முகமும் ஒரு முழ இடைவெளியில் இருக்கும். "பார்த்து வாங்கோ தம்பி", "ஓம் ஐயா, காணேல்லை" என்பதோடு முடிந்துவிடும். றோட்டில் மன்னிப்புக் கேட்க இன்று எங்களிடம் என்ன இருக்கிறது? ஹோன் ஒன்றுதான். அதற்கோ ஏசுகிற குரலைத் தவிர வேறு குரல் இல்லை. ஆகவே நான் பழக்கும் எல்லோருக்கும் முதல் கிழமையிலேயே கையை உயர்த்தக் காட்டிக் கொடுக்கிறேன். பிழை விட்டால் உள்ளங்கை தெரியக் கையை உயர்த்துங்கள். கை தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி.

இல்லை, அவன் வேணுமெண்டுதான் என்னை வெட்டினவன். எனக்குத் தெரியாதோ?

உங்களுக்குத் தெரியாது. கோபிக்க வேண்டாம், எனக்கும் தெரியாது. நாங்கள் ஒருவரை வெட்டிப் போனால் "நேரம் போயிட்டுது", "குழியைக் கண்டன்", "நாய் குறுக்க வந்தது" என்று காரணம் சூழ்நிலையில் இருக்கும். அதையே மற்றவர் செய்தால் காரணம் அவருடைய குணத்தில் இருக்கும்: திமிர், சண்டித்தனம், காசுக்கொழுப்பு. அடுத்தவரின் செயலை அவருடைய குணத்தில் ஏற்றிப் பார்க்கும் இந்தப் பிழைக்கு லீ ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977இல் ஒரு பெயர் வைத்தார். அதை எங்கள் பேச்சில் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று சொல்லலாம்.

பலாலி வீதியில் பரமேஸ்வராச் சந்தியில் இருந்து திருநெல்வேலிச் சந்தி வரைக்கும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருதரம் போய்ப் பாருங்கள். குறுக்கே வருபவர்களை எண்ணுங்கள். அதில் எத்தனை பேருக்கு உங்களைத் தெரிந்திருக்கும்? உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்றால் முதலில் அவர் உங்களைக் கண்டிருக்க வேண்டும். வெட்டிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடியே பார்க்காதவர்கள் என்பதுதான் என் அனுபவம். அது மோசமான ஓட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அது உங்களைக் குறிவைத்த ஓட்டம் இல்லை.

ஒரு ஹோனுக்கு, ஒரு சைட்டுக்கு ஆரும் ஆளைக் கொல்லுவினமோ?

கொன்றிருக்கிறார்கள். 1988 டிசம்பரில் இந்தியாவின் பட்டியாலாவில், நடுறோட்டில் நின்ற ஒரு வாகனத்தை எடுக்கச் சொன்ன வாக்குவாதத்தில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். வழக்கில் எதிராளி அப்போதே பெயர்பெற்ற கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. கீழ் நீதிமன்றம் 1999இல் விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006இல் மூன்று வருடச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதைக் காயம் ஏற்படுத்திய குற்றமாகக் குறைத்து 1000 ரூபா தண்டம் போட்டது. அதே நீதிமன்றம் 2022 மே மாதத்தில் மறுபடி பார்த்து ஒரு வருடச் சிறை என்றது. ஒரு வாகனத்தை ஒதுக்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த வழக்கு 33 வருடம் இழுபட்டது.

இப்படியான சாவுகளில் துவக்கோ வாளோ இல்லாமலும் ஆள் சாவது எப்படி என்று பலருக்கு விளங்குவதில்லை. அடி பெரிதாக இருக்கத் தேவையில்லை. எதிர்பாராமல் ஒரு குத்து, ஒரு தள்ளு, ஆள் பின்பக்கமாக விழுகிறார், பிடரி தாரில் அடிபடுகிறது. உயிரை எடுப்பது றோட்டுத்தான். கையில் ஹெல்மெற் இருந்தால் இன்னும் மோசம். முழுமுக ஹெல்மெற்றின் எடை ஒன்றரைக் கிலோ அளவில் வரும். அதைப் பட்டியில் பிடித்துச் சுழற்றுவதை நான் கல்வியங்காட்டில் கண்ணால் கண்டிருக்கிறேன். விழுந்தது தோளில். நான்கு அங்குலம் மேலே விழுந்திருந்தால் அந்தப் பொடியனின் படத்தை மதிலில் ஒட்டியிருப்பார்கள்.

அன்றைக்கு அங்கே நடந்தது என்ன என்று பிறகு கேட்டேன். ஹோன் அடித்ததாம். உண்மையில் ஹோன் அடித்தபோது இரண்டு பேரும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் இருந்த சிநேகிதன் "என்னடா, உனக்கே அடிக்கிறான்" என்று சொன்ன பிறகுதான் மோட்டார் சைக்கிள் திரும்பியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் இருந்தால் எரிச்சல் மானப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

இது பொடியங்களின்ர வருத்தம்தானே? வயசு வந்தா நிண்டிடும்?

இளம் ஆண்கள் கூடுதலாக ஆபத்தாக ஓடுகிறார்கள், உண்மைதான். ஆனால் வயது வந்தால் தானாக நிற்கும் என்று இருக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரி டெஃபென்பாக்கர் என்ற உளவியலாளர் 1994இல் சாரதிகளின் கோபத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கோபம் கூடிய சாரதிகள் மற்றவர்களை விட அடிக்கடி கோபப்படுகிறார்கள், கோபம் வந்தால் கடுமையாக வருகிறது, அந்த நேரத்தில் ஆபத்தான வேலைகளும் செய்கிறார்கள் என்று அவருடைய குழு தொடர்ந்து காட்டியது. ஆனால் றோட்டில் தடை ஒன்றும் இல்லாத நேரத்தில் அவர்களும் மற்றவர்களைப் போலவே அமைதியாக இருந்தார்கள். ஆகவே பிறவிக் குணம் என்று கைகழுவ ஏலாது.

அதே பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது. வாகனத்தில் ஸ்ரிக்கர், அலங்காரம் கூட ஒட்டியிருப்பவர்கள் கோபம் வந்தால் கூட மூர்க்கமாக ஓடினார்களாம். ஸ்ரிக்கரில் எழுதியிருப்பது அன்பா சண்டையா என்பது வேறுபாடு காட்டவில்லை. வாகனத்தைத் தன் வளவு மாதிரி நினைப்பவருக்கு, அதன் முன்னால் உள்ள றோட்டும் தன் வளவாகத் தெரிகிறது. வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்குவது கஷ்டமில்லை.

வெயில்தான் காரணம் எண்டுகினம். உண்மையோ?

கொஞ்சம் உண்மை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 1986இல் வெளியான ஆய்வில், வெப்பம் கூடக் கூட ஹோன் அடிப்பதும் கூடியது. கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடியவர்களிடம், அதாவது ஏசி இல்லாதவர்களிடம், இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தண்ணீர் குடித்துவிட்டு ஓடுங்கள்.

மினிபஸ், டிப்பர்காரர்தான் ஆக மோசம். அவைக்கு மனுசத்தன்மை இல்லையோ?

நான் பழக்கிய பொடியன்களில் நான்கைந்து பேர் இன்று டிப்பர் ஓடுகிறார்கள். என்னிடம் பழகும்போது ஒருவரும் மிருகமாக இருக்கவில்லை. அவர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில் லோட்டுக் கணக்கு. நாளைக்கு எத்தனை லோட் என்பதில்தான் கையில் வரும் காசு இருக்கிறது. ரயில் கடவையில் ஏழு நிமிடம் நின்றால் அந்த ஏழு நிமிடமும் சொந்தக் காசு. மினிபஸ்ஸுக்கு நேர அட்டவணை. முன்னால் போகும் பஸ் அடுத்த தரிப்பில் ஆட்களை அள்ளிவிட்டால் இவருக்குக் கலெக்‌ஷன் இல்லை. அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே வீதியில் ஒரே ஆட்களுக்காக ஓடும்போது, நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "விடு விடு" என்று கத்துவது பொழுதுபோக்குக்கு இல்லை.

ஒரு இலக்கை நோக்கிப் போகிறவரை இடையில் மறித்தால் மூர்க்கம் வர வாய்ப்புக் கூடுகிறது என்று 1939இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொலார்ட் என்பவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். லோட்டுக்குக் காசு என்ற ஒழுங்கு, ஒவ்வொரு சைக்கிள்காரரையும் ஒவ்வொரு மாட்டையும் இலக்கை மறிக்கும் தடையாக மாற்றிவிடுகிறது. சாரதியைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மணித்தியாலச் சம்பளம் கொடுத்துப் பார்த்தால் அதே பொடியன் வேறு மாதிரி ஓடுவான் என்பது என் உறுதியான எண்ணம். மண் ஏற்றி இறக்கும் முதலாளிமார் யாராவது இதை வாசித்தால், இந்தப் பத்தியைத் திரும்ப ஒருதரம் வாசியுங்கள்.

சண்டைக்குள்ள வளந்த சனம் நாங்கள். அதாலதான் இப்பிடியோ?

இந்தக் கேள்வியை நான் அவசரமாகத் தள்ளிவிடுவதில்லை. போர் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்பதைக் கூட்டு மனவடு என்று விளக்கி எழுதியவர் எங்கள் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். மனவடு உள்ளவரின் உடம்பு எப்போதும் அரைப்பங்கு விழித்தபடியே இருக்கும். திடீர் சத்தத்துக்குத் துள்ளும், சின்ன விஷயம் பெரிய ஆபத்தாகத் தெரியும். என்னிடம் பழக வந்த ஐம்பது வயது அம்மா ஒருவர், பக்கத்தில் லொறி எயார் ஹோன் அடித்ததும் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். செம்மணியடி வளைவில், வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது. நான் எட்டி ஸ்ரியரிங்கைப் பிடித்தேன்.

ஆனால் கவனியுங்கள், அவர் யாரையும் அடிக்கவில்லை, தன் தலையைத்தான் மூடினார். போரைக் கண்டவர்களில் பெரும்பாலானவர்கள் மிக நிதானமாக ஓடுகிறார்கள். இன்று பதினாறு வயதில் தகப்பனின் மோட்டார் சைக்கிளைக் களவாக எடுக்கும் பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தது. வீட்டுக்குள் பெரியவர்களின் பதற்றத்தைப் பார்த்து அது பழகியிருக்கலாம், அதை ஏற்றுக்கொள்கிறேன். போரை ஒரு காரணமாகச் சொல்லலாம். இன்னொருவரின் பிள்ளையை அடித்துவிட்டு வந்து அதைச் சாட்டாகச் சொல்ல ஏலாது.

பின்னால ஒட்டிக்கொண்டு லைட் அடிக்கிறான். நான் சரியான வேகத்திலதான் போறன். ஏன் விலத்த வேணும்?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன், பின்னேரம் ஆறு மணி, அரியாலை. நாவற்குழிப் பாலம் தாண்டியதில் இருந்து ஒரு ஹயஸ் வான் என் பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடித்தபடி வந்தது. நான் ஐம்பதில் போனேன், சட்டப்படி சரி. விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். பிறகு அவருக்குப் பாடம் படிப்பிக்க பிறேக்கை ஒருதரம் தட்டினேன். வான் இடது பக்கம் வெட்டியது. அந்தப் பக்கத்தில் சைக்கிளில் பால் கொண்டு போன ஒரு ஐயா வாய்க்காலுக்குள் போனார்.

வான் நிற்கவில்லை. நான் இறங்கி ஓடினேன். அவருக்கு முழங்கால் தோல் உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. பால் கான் மூடி திறந்து, பால் தாரில் ஓடி, றோட்டு விளிம்பு மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார். எனக்கும் வானுக்கும் நடந்த சண்டையில் அவர் இல்லை. பால் காசை வாங்கவும் மறுத்துவிட்டார்.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம், சாரதியின் கால் பிறேக்குக்குப் போகும் ஒன்றரைச் செக்கனில் 25 மீற்றர் ஓடிவிடும். ஒட்டிக்கொண்டு வருபவருக்கு உங்கள் பின்னால் ஐந்து மீற்றர்கூட இல்லை. நீங்கள் தட்டும் பிறேக் அவருக்குப் பாடம் ஆகாது, மோதலாகத்தான் ஆகும். இடது சிக்னல் போட்டு ஒதுங்குங்கள், அவர் போகட்டும். அந்த அவசரத்தில் அவருக்கு என்ன மிச்சம்? யாழ்ப்பாணம் நகரில் இருந்து சாவகச்சேரி 15 கிலோமீற்றர் அளவில். 50இல் போனால் 18 நிமிடம், 70இல் போனால் 13 நிமிடம். ஊருக்குள் 50தான் சட்டம் என்பதையும் விட்டுவிடுங்கள், அந்த ஐந்து நிமிடத்தைக்கூடக் கைதடிச் சந்தி தின்றுவிடும்.

மனசுக்குள்ள அடக்கினா கூடாது, ரெண்டு ஏச்சு ஏசினா ஆறிடும் தானே?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பிரட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002இல் கோபமூட்டப்பட்ட ஆட்களைக் குத்துப்பையில் குத்தவிட்டுப் பார்த்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்களின் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள்தான் குறைவாக மூர்க்கம் காட்டினார்கள். ஏசுவது அடுப்பை ஊதுவது மாதிரி. வீட்டுக்குப் போய் நடந்ததை ஐந்து பேருக்கு நடித்துக் காட்டுவதும் அதே வேலைதான்.

அப்ப கொதி ஏறேக்க என்னதான் செய்யிறது? பத்து வரைக்கும் எண்ணச் சொல்லுவியள்.

எண்ணத் தேவையில்லை, விரலைப் பாருங்கள். கோபம் ஏறும்போது முதலில் மாறுவது பிடி. ஸ்ரியரிங்கில் பெருவிரல் உள்ளே மடிந்து, விரல் மொழி வெளுக்கும். நான் பக்கத்தில் இருந்து அதைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பதில்லை. "தம்பி, பெருவிரலை எடு" என்பேன். விரல் தளர்ந்தால் தோள் தளரும், தோள் தளர்ந்தால் மூச்சு இறங்கும். பிறகு அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்து, முன்வாகனத்துக்கு உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். அவர் தூரத்துக்குப் போகப் போக உங்கள் கதையில் இருந்தும் போய்விடுவார்.

இன்னொன்று, ஒரு கோபத்தின் சூடு அடுத்ததில் ஏறும். டொல்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் இதைக் காட்டினார்: முன்னைய பதற்றம் உடம்பில் மிச்சம் இருக்கும்போது, அடுத்து வரும் சின்ன விஷயத்துக்கும் பெரிய கோபம் வரும், அந்தச் சூடு பழையது என்பது ஆளுக்கே தெரியாது. வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வெளிக்கிட்டவர் முத்திரைச் சந்தியில் ஓட்டோக்காரரோடு கொளுவுவது இதனால்தான். மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒன்று நடந்தால், அடுத்த கடையடியில் நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடியுங்கள். கால் மணித்தியாலம் போகட்டும்.

குடிச்சிருந்தா?

இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்பது இலங்கைச் சட்டத்தின் எல்லை. கோபத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. குடித்தவருக்கு மேலே சொன்ன பெருவிரல் வித்தை ஒன்றும் பலிக்காது. திறப்பை வாங்கி வையுங்கள்.

ஒருத்தன் துரத்திக்கொண்டு வாறான். நேர வீட்ட போறதோ?

வேண்டாம். வீட்டைக் காட்டிக் கொடுக்காதீர்கள். எங்கள் ஒழுங்கைகள் பல முடக்கோடு முடிந்துவிடும், திருப்பவும் ஏலாது. வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போங்கள்: பொலிஸ் நிலையம், வைத்தியசாலை வாசல், பெற்றோல் செற். கதவைப் பூட்டுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள், 119க்கு அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தினாலும் ஹெல்மெற்றைக் கழற்ற வேண்டாம். வாள்வெட்டுச் செய்திகளை வாசிக்காத ஆள் இங்கே இல்லை. எதிரே நிற்பவரின் கையில், இடுப்பில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவருடைய முகத்துக்கு நேரே போனைப் பிடித்து வீடியோ எடுப்பதும் வேண்டாம். இலக்கத்தைப் பார்த்துச் சத்தமாக இரண்டுதரம் சொல்லுங்கள், நினைவில் நிற்கும்.

இடிச்சிட்டன். சனம் கூடிட்டுது. நிண்டா அடிப்பாங்கள், ஓடினா வழக்கு. என்ன செய்ய?

விபத்து நடந்தால் நிறுத்த வேண்டும், உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம். இறங்கியவுடன் உங்கள் நியாயத்தைச் சொல்ல வேண்டாம். விழுந்தவரிடம் போங்கள், 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது, காசு இல்லை. சாரதி காயப்பட்டவருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதைக் கண்டால் கூட்டத்தின் கை பெரும்பாலும் இறங்கிவிடும். வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாதாடுகிறவருக்குத்தான் முதல் அடி விழுகிறது. உண்மையிலேயே உயிராபத்து என்றால் நேரே கிட்டடிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், நடந்ததை நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் அது தப்பி ஓட்டம்.

கூடி நின்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு சொல். கல்வியங்காட்டில் பின்னால் இருந்த சிநேகிதன் சொன்ன ஒரு வசனம் என்ன செய்தது என்று மேலே எழுதினேன். இருபது பேர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சண்டையில மற்றவன் செத்தா, விபத்து எண்டு முடியாதோ?

முடியாது. கவனயீனமாக ஓடி ஆள் இறந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. கோபத்தில் வேண்டுமென்றே இடித்தால், அல்லது இறங்கி அடித்தால், அது வேறு கதை. கொலை அல்லாத ஆட்கொலை என்றால் 297ஆம் பிரிவில் 20 வருடம் வரை போகலாம். கொல்லும் எண்ணம் நிரூபிக்கப்பட்டால் 296ஆம் பிரிவில் மரண தண்டனை. 1976க்குப் பிறகு அது இலங்கையில் நிறைவேற்றப்படவில்லை, ஆனால் சிறையில் இருந்து எழும்பி வர ஏலாது. வாகனமும் ஆயுதம்தான்.

"அவன் கோவப்படுத்தினவன்" என்றால்? பாரதூரமான, திடீர்க் கோபமூட்டல் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் கொலையை ஆட்கொலையாகக் குறைக்கும், விடுவிக்காது. ஒரு கிலோமீற்றர் துரத்திப் போய் அடித்துவிட்டு 'திடீர்' என்று சொன்னால் நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

என்ர மனுசன் ஓடேக்க கத்துவார், நான் கதைச்சா இன்னும் கூடும். பக்கத்தில இருந்து என்ன செய்யலாம்?

கொதி ஏறிய நேரத்தில் "ஏன் உப்பிடி ஓடுறியள்" என்று கேட்காதீர்கள். றோட்டில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று அவருக்கு எதிராளி இரண்டாகும். இறங்கிப்போக ஒரு வழி கொடுங்கள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குத் தண்ணி வாங்க வேணும், அந்தக் கடையடியில நிப்பாட்டுங்கோ." அவர் தோற்கவில்லை, தண்ணீர் வாங்க நின்றார். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஆறிய பிறகு, "எனக்குப் பயமா இருந்தது" என்று சொல்லுங்கள். "உங்களில பிழை" என்று தொடங்க வேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும் பொடியன்களுக்கும் இதேதான். "விடு மச்சான், போவம்" என்பதை முதலில் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும். ஓடுகிறவர் பலவேளை அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

மகன் ரெண்டு தரம் அடிபட்டு வந்திட்டான். டொக்டரிட்டக் காட்டினா பைத்தியம் எண்டுவினமோ?

சொல்லமாட்டார்கள். றோட்டில் மட்டுமல்லாமல் வீட்டிலும், காரணத்துக்கு மிஞ்சிக் கோபம் வெடித்து, பொருள் உடைத்து, பிறகு அழுது வருந்துகிறார் என்றால் அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. வயது பற்றிய கேள்வியில் சொன்ன டெஃபென்பாக்கரின் குழு, உடம்பைத் தளர்த்தும் பயிற்சியாலும் எண்ணத்தை மாற்றும் பயிற்சியாலும் கோபக்கார சாரதிகளின் கோபம் குறைந்ததைக் காட்டியிருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு உண்டு. போனில் கதைக்க விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926.

அப்ப எப்பவும் நாங்கள்தான் விட்டுக்குடுக்கிறதோ? ரோசம் இல்லாத ஆக்களோ?

இது கடைசியில் எல்லோரும் கேட்பது, கஷ்டமானதும் இதுதான். விட்டுக்கொடுக்கிறவரை இந்த ஊர் சில வேளை சிரிக்கும், அது எனக்கும் நோகும். ஆனால் வழியை விட்டால் நியாயத்தையும் விட்டதாக நினைக்க வேண்டாம். வாகன இலக்கம், நேரம், இடம், எந்தப் பக்கம் போனது, என்ன செய்தது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். டாஷ் கமரா இருந்தால் பதிவை அழிய முன் எடுத்து வையுங்கள். பக்கத்தில் பார்த்தவர் ஒருவரின் பெயரைக் கேட்டு வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பஸ் என்றால் வழித்தட இலக்கத்தையும் சேர்த்து அதன் நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

அரியாலைச் சம்பவத்துக்கு அடுத்த நாள் நான் அந்த ஐயாவின் வீட்டைத் தேடிப் போனேன். பிறேக் தட்டியது நான்தான் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வானின்ர நம்பர் எடுத்தனியோ?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அரைக் கிலோமீற்றராக அந்த வான்காரரை மறித்துக்கொண்டு போனேன், கண்ணாடியில் அவருடைய லைட்டைத்தான் பார்த்தேன், இலக்கத்தைப் பார்க்கவே இல்லை.